தரையை உறிஞ்சும் கார்

1970 ஜூலையில் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென் பந்தயத் தளத்தில் ஓட வந்த சாப்பரல் 2ஜே, பார்வைக்கு ஒரு பந்தயக் கார் போலவே இல்லை. பின்பாதி பெட்டிபோல் சதுரமாக நின்றது. பின்சக்கரங்கள் அந்தப் பெட்டிக்குள் மறைந்திருந்தன. பின்புறச் சுவரில் வட்டமாக இரண்டு விசிறிகள். காற்றைக் கிழித்துச் செல்லும் வளைவுகள்தான் அழகு என்று பழகிய கண்களுக்கு அது குளிர்சாதனப் பெட்டிக்குச் சக்கரம் மாட்டியதுபோல் இருந்தது. நான்கே பந்தயங்களுக்கு வந்து, ஒன்றிலும் வெல்லாமல் தடைக்கு உள்ளான இந்த முன்மாதிரிதான் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் எதிர்காலப் பந்தயக் காரைக் கற்பனை செய்தவர்களைத் திரும்பத் திரும்பத் தன் பக்கம் இழுத்திருக்கிறது. அப்படிப் பிறந்த கார்களில் சில வீடியோ கேமுக்குள்ளேயே நின்றுவிட்டன. ஒன்று தலைகீழாகவே ஓடிக் காட்டிவிட்டது.

பந்தயக் காரின் வேகத்தை எஞ்சின் மட்டும் தீர்மானிப்பதில்லை. நேர்ச்சாலையில் எஞ்சின் சம்பாதிக்கும் நொடிகளை வளைவுகள் தின்றுவிடும். வளைவில் காரை உள்நோக்கித் திருப்புவது டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. அந்த உராய்வு, டயர் தரையை எவ்வளவு அழுத்துகிறதோ அந்த அளவுக்கு வளரும். அப்படியானால் காரில் கூடுதல் எடையை ஏற்றினால் போதுமே என்று தோன்றலாம். ஏற்றினால் பயனில்லை. எடை கூடும்போது உராய்வு கூடுகிறது, வளைவில் காரை வெளியே தள்ளும் சடத்துவமும் அதே விகிதத்தில் கூடுகிறது. இடக்கையால் கொடுத்ததை வலக்கை பிடுங்கிக்கொள்ளும் கதை. வேண்டியது நிறையைக் கூட்டாமல் அழுத்தத்தை மட்டும் கூட்டும் வழி.

ஒரு கணக்கில் இதைப் பார்க்கலாம். 800 கிலோ எடையுள்ள காரின் டயர்கள் தம்மீது விழும் பாரத்தைப் போல 1.5 மடங்கு உராய்வு தருமென்று கொள்வோம். வளைவில் அந்தக் கார் தாங்கக்கூடிய பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 1.5 மடங்கு, அதாவது 1.5 ஜி. இப்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு கை இன்னொரு 800 கிலோவுக்குச் சமமாக மேலிருந்து அழுத்தினால் அது 3 ஜி ஆகிவிடும். முன்பு மணிக்கு 100 கிலோமீட்டரில் எடுத்த வளைவை 141 கிலோமீட்டரில் எடுக்கலாம். வேகம் இரட்டிப்பாகாமல் இரண்டின் வர்க்கமூலம் அளவுக்கே கூடுவதற்குக் காரணம், வளைவுக்குத் தேவைப்படும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதே.

அந்தக் கண்ணுக்குத் தெரியாத கையாகக் காற்றைப் பயன்படுத்தும் முதல் வழி இறக்கை. விமானத்தைத் தூக்கும் இறக்கையைக் கவிழ்த்து மாட்டினால் அது காரைக் கீழே அழுத்தும். டெக்சாஸ் மாநிலத்தின் மிட்லண்ட் நகரில் சாப்பரல் கார்களைக் கட்டிய ஜிம் ஹால், கால்டெக்கில் பொறியியல் படித்தவர், தானே பந்தய ஓட்டுநரும்கூட. 1966இல் அவர் கொண்டுவந்த சாப்பரல் 2இ காரின் பின்பக்கம் உயரமான தண்டுகள்மேல் ஓர் இறக்கை நின்றது. தண்டுகள் காரின் உடலில் நிற்கவில்லை. பின்சக்கர அச்சுப் பகுதியிலேயே ஊன்றியிருந்தன. இதனால் ஸ்பிரிங்குகள் அமுங்காமல் அழுத்தம் நேராக டயருக்குப் போனது. கியர் அமைப்பில் கிளட்ச் பெடலுக்கு வேலையில்லாததால் ஓட்டுநரின் இடது கால் சும்மா இருந்தது. அந்தக் காலுக்கு ஒரு பெடல் கொடுத்தார் ஹால். மிதித்தால் இறக்கை படுக்கைவாட்டில் திரும்பி, நேர்ச்சாலையில் காற்றின் தடையைக் குறைக்கும். வளைவு வந்ததும் காலை எடுத்தால் மீண்டும் சாய்ந்து அழுத்தும்.

இறக்கைக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. அதன் அழுத்தமும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 240 கிலோமீட்டர் வேகத்தில் 900 கிலோ அழுத்தம் தரும் இறக்கை, 80 கிலோமீட்டரில் 100 கிலோதான் தரும். மெதுவான, கூரிய வளைவில்தான் உதவி அதிகம் தேவை. இறக்கை அங்கேதான் கைவிடும். இதற்கு விடையாக வந்ததே 2ஜே.

2ஜே காரின் தத்துவத்தைக் கேட்டால், இதற்கா இத்தனை காலம் என்று தோன்றும். காருக்கு அடியிலுள்ள காற்றை விசிறிகளால் வெளியே இறைத்துவிட்டால் அங்கே அழுத்தம் குறையும். மேலே இருக்கும் சாதாரண வளிமண்டலமே காரைத் தரையோடு சேர்த்து அமுக்கும். வளிமண்டலத்தின் பலத்தை நாம் அன்றாடம் உணர்வதில்லை. அது ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின்மீதும் சுமார் பத்து டன் பாரத்துக்குச் சமமாக அழுத்திக்கொண்டிருக்கிறது, எல்லாப் பக்கத்திலிருந்தும் அழுத்துவதால் தெரிவதில்லை. காரின் அடியில் 4 சதுர மீட்டர் பரப்பில் அந்த அழுத்தத்தை வெறும் 5 விழுக்காடு குறைத்தால் போதும், கார்மேல் இரண்டு டன் பாரம் ஏறிவிடும். நிறை ஒரு கிராம்கூடக் கூடாது. முக்கியமாக, கார் நின்றுகொண்டிருந்தாலும் இந்தப் பாரம் இருக்கும். வேகத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை.

செவர்லே நிறுவனத்தின் ஆய்வுப் பொறியாளர்கள் துணையோடு உருவான அந்தக் காரில் விசிறிகளைச் சுழற்றத் தனியாக ஓர் எஞ்சின் இருந்தது. பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிக்கான சிறிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் அது. சக்கரங்களை ஓட்டும் பெரிய வி8 எஞ்சினோடு அதற்குச் சம்பந்தமில்லை. கார் எந்த வேகத்தில் போனாலும் விசிறிகள் தம் வேகத்தில் சுற்றும். இந்தப் பிரிவினையின் அருமை பிறகுதான் தெரிந்தது.

உண்மையான சாமர்த்தியம் விசிறியில் இல்லை, ஓரத் திரைகளில் இருந்தது. காரின் அடிப்பகுதியைச் சுற்றி லெக்ஸான் என்னும் உறுதியான பிளாஸ்டிக்கால் ஆன திரைகள் தொங்கின. கம்பிகளும் கப்பிகளும் அவற்றைச் சக்கரங்களின் அசைவோடு பிணைத்திருந்தன. கார் குலுங்கினாலும் சாய்ந்தாலும் திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஏறத்தாழ ஓர் அங்குலத்துக்குள் நிற்கும். இந்த இடைவெளி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்கே சொல்லும். உள்ளே 5 விழுக்காடு அழுத்தம் குறைந்தால், வெளிக்காற்று திரையின் அடியிலுள்ள சந்து வழியே விநாடிக்குச் சுமார் 90 மீட்டர் வேகத்தில் உள்ளே பாயும். புயற்காற்றைவிடக் கடுமையான வேகம் அது. காரின் சுற்றளவு 8 மீட்டர், சந்து 2 சென்டிமீட்டர் என்றால் விநாடிக்குப் பத்துக் கன மீட்டருக்கு மேல் காற்று புகும். அதை இறைக்க எழுபது எண்பது குதிரைத்திறனாவது வேண்டும், விசிறியின் இழப்புகளையும் சேர்த்தால் நூறைத் தாண்டிவிடும். சந்தை அரை சென்டிமீட்டராகக் குறைத்தால் தேவை நான்கில் ஒரு பங்காகிவிடும். ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புகிறவன் குழாயைப் பெரிதாக்குவதைவிட ஓட்டையை அடைப்பது நல்லது. உறிஞ்சும் கார்களின் வரலாறு முழுவதும் இந்த ஓட்டையை அடைக்கும் முயற்சிதான்.

வாட்கின்ஸ் கிளெனில் ஜாக்கி ஸ்டூவர்ட் 2ஜேயை ஓட்டி அந்தப் பந்தயத்தின் மிக வேகமான சுற்றைப் பதிவு செய்தார், பந்தயத்தை முடிக்கவில்லை. அடுத்து விக் எல்ஃபோர்டு ஓட்டினார். ரோடு அட்லாண்டா, லகுனா செகா, ரிவர்சைடு ஆகிய மூன்று தளங்களிலும் தகுதிச் சுற்றில் முதலிடம் அவருக்கே. ரிவர்சைடில் அடுத்த காரைவிட இரண்டு விநாடிக்கு மேல் முந்தினார். நூறில் ஒரு பங்கு விநாடிக்குத் தவம் கிடக்கும் விளையாட்டில் இரண்டு விநாடி என்பது வேறு உலகம். ஆனால் பந்தய நாளில் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று உடைந்தது. அந்த ஆண்டு முடிவில் போட்டி அணிகளின் எதிர்ப்பு வலுத்தது. ஏறி இறங்கும் திரைகள் "அசையும் காற்றியல் பாகம்" என்று கருதப்பட்டு, கார் தடை செய்யப்பட்டது. 2ஜே ஓடிய கேன்-ஆம் பந்தயத் தொடரில் எஞ்சின் அளவுக்குக்கூட உச்சவரம்பு கிடையாது. விதிகளே அதிகம் இல்லாத அந்தத் தொடரிலும் 2ஜேக்கு இடமில்லாமல் போனதை எண்ணினால், அது எவ்வளவு தூரம் முன்னால் போய்விட்டது என்பது விளங்கும்.

எட்டாண்டுகள் கழித்து அதே எண்ணம் ஃபார்முலா 1இல் தலைகாட்டியது. 1978இல் லோட்டஸ் 79 கார், தன் அடிப்பகுதியின் வளைவுகளாலேயே காற்றை வேகமாக ஓடவைத்து அழுத்தத்தைக் குறைத்து எல்லோரையும் தோற்கடித்துக்கொண்டிருந்தது. பிரபம் அணியின் ஆல்ஃபா ரோமியோ எஞ்சின் படுக்கைவாட்டில் அகலமானது, அத்தகைய வளைவுகளுக்கு அடியில் இடமே விடாதது. வடிவமைப்பாளர் கார்டன் மர்ரே பின்னால் ஒரு பெரிய விசிறியை மாட்டினார். விசிறியின் முதன்மை வேலை எஞ்சினைக் குளிர்விப்பது என்று அணி வாதிட்டது. விதியின் எழுத்தைப் பார்த்தால் அந்த வாதத்துக்கு இடம் இருந்தது. ஆனால் நிற்கும் காரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் கார் கோழி அடைகாக்க உட்காருவதுபோல் கீழே அமர்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள். 1978 ஜூன் 17 அன்று சுவீடனின் ஆண்டர்ஸ்டார்ப் தளத்தில் நிக்கி லாடா அந்த பிடி46பி காரில் அரை நிமிடத்துக்கு மேல் முந்தி வென்றார். மற்ற அணிகள் கொதித்தன. அணியின் உரிமையாளர் பெர்னி எக்கிள்ஸ்டன் காரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அது ஓடியது அந்த ஒரே பந்தயம்.

பொறியியல் கண்ணோடு பார்த்தால் பிடி46பி ஒரு படி பின்னே போன கார். அதன் விசிறி கியர்பாக்ஸிலிருந்து சுழன்றது. எஞ்சின் வேகம் குறைந்தால் உறிஞ்சலும் குறையும். வளைவில் வேகத்தைக் குறைக்கும் நேரத்தில் பிடிப்பும் நழுவும் என்பதால், பிடிப்பு வேண்டுமானால் ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை அழுத்த வேண்டும். மனித உள்ளுணர்வுக்கு நேர்மாறான பாடம் அது.

ஒரு தடைக்கும் ஒரு பின்வாங்கலுக்கும் பிறகு விசிறிக் கார் பந்தயத் தளத்தில் அடியெடுத்து வைக்க முடியவில்லை. விதியில்லாத இடம் ஒன்று வேண்டும். அந்த இடம் பிளேஸ்டேஷனுக்குள் கிடைத்தது. கிரான் டூரிஸ்மோ விளையாட்டை உருவாக்கிய கசுனோரி யமவுச்சி, ஃபார்முலா 1 வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவியிடம் ஒரு கேள்வியை வைத்தார்: எந்த விதியும் இல்லையென்றால் எப்படிப்பட்ட காரைக் கட்டுவீர்கள்? 2010இல் வந்த கிரான் டூரிஸ்மோ 5இல் இடம்பெற்ற ரெட்புல் எக்ஸ்2010 அதற்கான விடை. சக்கரங்களுக்கு மூடி, ஓட்டுநருக்குப் போர் விமானம்போல் கண்ணாடிக் கூடு, எடை 545 கிலோ, திறன் ஏறத்தாழ 1,500 குதிரைத்திறன். பின்னால் ஒரு விசிறி, ஓரங்களில் திரை. விதிகளைப் பிழிந்து வேகம் எடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், விதிகளே இல்லாதபோது நாற்பதாண்டு பழைய 2ஜேயின் தத்துவத்துக்குத் திரும்பினார் என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

அந்தக் காரில் பக்கவாட்டு முடுக்கம் 8 ஜியைத் தாண்டியது. அப்போது ஹெல்மெட்டோடு சேர்ந்து ஏழு கிலோ எடையுள்ள தலையைக் கழுத்து 50 கிலோவுக்கு மேற்பட்ட பாரமாகத் தாங்க வேண்டும். அதுவும் சுற்றுக்குச் சுற்று, இடமும் வலமுமாக. போர் விமானிகள் 9 ஜி வரை தாங்குகிறார்கள் என்றாலும் அவர்களுக்கு அது தலையிலிருந்து காலை நோக்கிய திசையில், சில விநாடிகள், தனி உடையின் துணையோடு வருவது. டயரும் காற்றும் விதித்த எல்லை விலகியதும் மனித உடலே அடுத்த எல்லையாக எழுந்து நின்றது.

2014 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் கார் கண்காட்சியில் செவர்லே நிறுவனம் பழைய பெயரையே மீண்டும் எடுத்தது. சாப்பரல் 2எக்ஸ் விஷன் கிரான் டூரிஸ்மோ என்ற, அதே விளையாட்டுக்கான கருத்துக் காரின் வெளியீட்டுக்கு ஜிம் ஹாலும் உடனிருந்தார். ஆனால் வடிவமைப்பாளர்கள் 2ஜேயின் விசிறியைக் கடன் வாங்கவில்லை. முன்னுதாரணம் பார்க்காமல் சிந்தித்த ஹாலின் துணிச்சலைத்தான் வாங்கிக்கொள்ள விரும்பினார்கள். ஓட்டுநர் குப்புறப் படுத்து, தலை முன்னே இருக்க, கைகால்களை நான்கு சக்கரங்களின் திசையில் நீட்டியிருப்பார். இறகு உடை அணிந்து மலையிலிருந்து குதிப்பவரின் கோலம் அது. அவர் தோளையும் இடுப்பையும் அசைக்க, காரின் காற்றியல் பரப்புகள் அசையும். உந்துவிசைக்கு 671 கிலோவாட் லேசர். லேசர் துடிப்புகள் குவியும் இடத்தில் காற்று வெடித்து விரிந்து காரை முன்னே தள்ளும் என்பது கருத்து. சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தை 1.5 விநாடியில் தொடும், உச்ச வேகம் மணிக்கு 386 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள்.

லேசர் உந்துவிசை முழுக் கட்டுக்கதை அல்ல. 2000 அக்டோபரில் லீக் மிராபோ என்ற அமெரிக்கப் பொறியாளர் 10 கிலோவாட் லேசரைத் தரையில் வைத்து, 51 கிராம் எடையுள்ள சிறு கலம் ஒன்றை 71 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் காட்டினார். அதே விகிதத்தைப் பிடித்துக் கணக்குப் போட்டால், 671 கிலோவாட் லேசர் மூன்றரைக் கிலோ எடையைக் காற்றில் நிறுத்தும். கலம் மேலேறும் அளவுக்குக் கூடுதல் விசை பெற்றது என்பதால் அதைப் பல மடங்கு பெருக்கிக்கொண்டாலும் சில பத்துக் கிலோ விசையைத் தாண்டாது. அறிவித்த முடுக்கமோ 1.8 ஜி. இலகுவான காருக்கே அதற்கு ஒரு டன்னை ஒட்டிய விசை வேண்டும். மிராபோவின் லேசர் தரையில் இருந்தது, கலத்தோடு பறக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. 2எக்ஸ் தன் லேசரையும் அதற்கான மின்கலத்தையும் தானே சுமக்க வேண்டும்.

ஓட்டுநரின் படுக்கைக்கும் இதே கதிதான். விமானம் மேல்நோக்கித் திரும்பும்போது விசை இருக்கையை நோக்கி வரும். குப்புறப் படுத்த விமானிக்கு அது மார்புவழியே குறுக்காகப் போகும், இரத்தம் தலையை விட்டு இறங்காது. 1950களில் பிரிட்டனில் அப்படிப் படுத்து ஓட்டும் மீட்டியர் விமானம் ஒன்றைச் சோதித்ததற்குக் காரணம் இதுவே. காரில் விசைகளின் திசை வேறு. தலை முன்னே இருக்கப் படுத்தவர் பிரேக் போட்டால் இரத்தம் முழு வேகத்தோடு தலைக்குப் பாயும். அந்தத் திசையில் மனித உடல் மிகக் குறைவாகவே தாங்கும், 3 ஜிக்கே கண்கள் சிவந்து பார்வை கலங்கும். உட்கார்ந்து ஓட்டுபவருக்கு அதே பிரேக் மார்பின் குறுக்கே வரும் என்பதால் எளிதில் தாங்குவார். வானத்துக்குப் பொருந்திய தீர்வைத் தரைக்குக் கொண்டுவந்தபோது விசை எந்தப் பக்கம் வருகிறது என்பதை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. விளையாட்டில் உட்காரும் ஓட்டுநருக்கு இரத்தம் எங்கும் பாயாது என்பது வேறு.

பழைய முன்மாதிரியின் கணக்கை எடுத்துக்கொண்டவர்கள் அவ்வளவு ஆரவாரம் இல்லாமல் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். துல்லிய அளவீட்டுக் கருவிகளால் பெயர்பெற்ற ரெனிஷா நிறுவனத்தின் இணை நிறுவனர் டேவிட் மெக்மர்ட்ரியின் பெயரால் தொடங்கிய மெக்மர்ட்ரி ஆட்டோமோட்டிவ் 2021இல் ஸ்பியர்லிங் என்ற ஒற்றை இருக்கை மின்சாரக் காரைக் காட்டியது. ஐரிஷ் மொழியில் இடிமழை என்று பொருள்படும் பெயர். எடை ஒரு டன்னுக்குள். அடியில் விசிறிகள், சுற்றிலும் திரை. நின்ற இடத்திலேயே இரண்டு டன் கீழ்விசை. 2ஜே தனி எஞ்சின் வைத்துச் சாதித்ததை இங்கே மின்கலம் சாதிக்கிறது. சக்கரங்களை ஓட்டும் மோட்டார் வேறு, விசிறியின் மோட்டார் வேறு, இரண்டுக்கும் மின்சாரம் மட்டும் பொது. 1970இல் பெரிய எஞ்சினோடு சின்ன எஞ்சினையும் சேர்த்துக் கட்டி மாரடித்தவர்களுக்கு இது கிடைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணத் தோன்றும்.

2022 ஜூனில் குட்வுட் மலைச்சாலையின் 1.86 கிலோமீட்டரை ஓட்டுநர் மேக்ஸ் சில்டன் இந்தக் காரில் 39.08 விநாடியில் ஏறினார். நின்ற நிலையிலிருந்து புறப்பட்டும் சராசரி வேகம் மணிக்கு 170 கிலோமீட்டரைத் தாண்டியது. அதற்கு முன் 2019இல் ஃபோக்ஸ்வாகன் ஐடி.ஆர் அதே சாலையை 39.9 விநாடியில் கடந்திருந்தது. 2025இல் டாப் கியர் நிகழ்ச்சியின் தளத்தில் ஸ்பியர்லிங் 55.9 விநாடியில் ஒரு சுற்றை முடித்தது. அங்கே ஒரு ரெனோ ஃபார்முலா 1 கார் வைத்திருந்த நேரத்தைவிட மூன்று விநாடிக்கு மேல் குறைவு. அதே ஆண்டு ஏப்ரலில் காரை ஒரு சுழல்மேடையில் நிறுத்தி, விசிறிகளை ஓடவிட்டு, மேடையைக் கவிழ்த்தார்கள். தலைகீழாகத் தொங்கிய கார் சிறிது தூரம் ஊர்ந்தும் காட்டியது. ஒரு டன் காரை இரண்டு டன் விசை பிடித்திருக்கும்போது அது விழ வழியில்லை. இறக்கை உள்ள கார்களும் கூரையில் ஓட முடியும் என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுவதுண்டு, ஆனால் அதற்கு அவை முதலில் அசுர வேகத்தில் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

கார்டன் மர்ரேயும் தன் பழைய விசிறியிடம் திரும்பினார். 2020இல் அவர் வெளியிட்ட டி.50 காரின் பின்னால் 400 மில்லிமீட்டர் விட்டமுள்ள விசிறி இருக்கிறது. இது தரையை உறிஞ்சுவது அல்ல. காரின் அடித்தளம் பின்பக்கம் மேல்நோக்கி வளையும் இடத்தில் காற்று பரப்பை விட்டு விலகிக் குழம்பிவிடும். அந்தச் சோம்பிய அடுக்கை மட்டும் விசிறி உறிஞ்சி எடுத்துவிட, மீதிக் காற்று வளைவை ஒட்டியே ஓடுகிறது. திரை தேவையில்லை என்பதால் மேடுபள்ளமுள்ள பொதுச்சாலைக்கு இதுவே ஏற்ற வழி. பந்தயத்துக்கான வடிவத்துக்கு அவர் நிக்கி லாடாவின் பெயரையே சூட்டினார்.

திரையுள்ள கார்களுக்கு ஒரு கவலை தீரவில்லை. இறக்கை தரும் அழுத்தம் வேகத்தோடு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். உறிஞ்சலோ, திரை ஒரு மேட்டில் ஏறி உட்புறம் திறந்துகொண்டால் நொடியில் போய்விடும். மூன்று ஜியில் வளைந்துகொண்டிருக்கும் காருக்கு அந்த நொடியில் ஒன்றரை ஜிக்கான பிடிப்புதான் மிஞ்சும். அடித்தளத்தைப் பல அறைகளாகப் பிரித்து ஓரறை திறந்தாலும் மற்றவை தாங்கும்படி செய்யலாம், ஒன்றுக்கு மேற்பட்ட விசிறிகளை வைக்கலாம். அதற்கெல்லாம் எடையும் இடமும் செலவாகும். பின்னால் வரும் காரின்மீது தூசியும் கல்லும் வாரியிறைக்கப்படும் என்று 1970களில் எதிரணிகள் சொன்ன புகாருக்கும் இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. ஸ்பியர்லிங் இதுவரை பெயர் வாங்கியிருப்பது பின்னால் எவரும் வராத இடங்களில்தான். மலையேற்றத்திலும் தனிச் சுற்றிலும் கடிகாரம் மட்டுமே எதிராளி. ஃபார்முலா 1 விதிகள் இத்தகைய விசிறிக்கு இன்றும் இடம் தருவதில்லை. சாப்பரல் 2ஜே தன் விசிறிகளோடு மிட்லண்ட் நகரின் பெட்ரோலிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது.